துணிக்கு அடியில் இருக்கும் கை

ஆரி வேலை கற்றுத்தரும் வீடியோ ஒன்றைத் திறந்து, ஒலியை அணைத்துவிட்டு முதல் இரண்டு நிமிடம் பாருங்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, அதன் மேல் வலது கை, விரல்களுக்கு நடுவே பிடி போட்ட ஊசி. ஊசி இறங்குகிறது, ஏறுகிறது, சங்கிலிக் கண்கள் வரிசையாக விழுகின்றன. இவ்வளவுதானா என்று தோன்றும். அந்தத் துணிக்கு அடியில் இடது கை என்ன செய்கிறது என்பதை மட்டும் கேமரா காட்டவில்லை. ஆரியில் நூல் இருப்பதே அடியில்தான். இறங்கி வரும் ஊசியின் கொக்கியில் நூலைச் சுற்றிக் கொடுப்பது இடது கை. கொடுத்த கையோடு அந்த நூலை லேசாகப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். அதிகம் இழுத்தால் துணி சுருங்கும். விட்டுவிட்டால் கண் தொளதொளவென்று நிற்கும். பாதி வேலை அங்கே நடக்கிறது.

வீட்டிலிருந்தே வீடியோ பார்த்துக் கைவேலை கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்தச் சேனல் நல்லது?" என்பதுதான். நான் அதைக் கடைசியில் வைப்பேன். நீங்கள் எடுக்கப்போகும் வேலை முழுவதும் கேமராவில் தெரியக்கூடியதா என்று முதலில் பாருங்கள். தெரியாத பகுதியை நேரில் பார்த்துத் திருத்த யார் இருக்கிறார்கள் என்று அடுத்து பாருங்கள். கோயம்புத்தூரிலோ துபாயிலோ இருக்கும் ஒருவருக்கு இந்த இரண்டாவது கேள்வி தலைவலி. மும்பையின் தாராவி, மாதுங்கா, செம்பூரில் இருக்கும் நமக்கு அப்படி இல்லை. ஜரி வேலை, தோல், மண்பாண்டம், தையல் என்று பிழைப்புக்காகக் கைவேலை செய்கிறவர்கள் நாலு தெருவுக்குள் இருக்கிறார்கள். பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு போனை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பதுதான் நம் பகுதியில் நான் அதிகம் பார்ப்பது.

முதலில் ஒயர் கூடை

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒயர் கூடை. காரணம் எளிது: ஒளிவுமறைவு இல்லாத வேலை. இரண்டு கையும் மேலேதான் இருக்கும், ஒயர் தடிமனானது, எது எதன் மேல் போகிறது, எந்த வளையத்துக்குள் நுழைகிறது என்பது போன் திரையிலும் தெரியும். தப்பாகப் போட்டால் பிரித்துவிட்டு அதே ஒயரில் மறுபடி போடலாம். ஊசி, அடுப்பு, பசை எதுவும் வேண்டாம். ஒரு கத்தரிக்கோலும் அளவு டேப்பும் போதும். பத்துக்குப் பத்து அறையில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து பின்னிவிட்டு, குழந்தை அழுதால் அப்படியே போட்டுவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மண்ணிலும் பெயிண்டிலும் இது நடக்காது.

தமிழ் வீடியோக்களில் சாதா முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண், பிஸ்கட் முடிச்சு என்று பல வகை வரும். சிவன் கண் பார்க்க அழகாக இருக்கிறது என்று அதில் தொடங்காதீர்கள். சாதா முடிச்சில் ஒரு சின்னக் கூடையை முழுதாக, கைப்பிடி வரை முடியுங்கள். அடிப்பாகத்தை மட்டும் போட்டுவிட்டு அடுத்த டிசைனுக்குத் தாவுகிறவர்கள் நிறைய. மூலை திரும்புவது, பக்கங்களில் ஓடும் நீள ஒயரை (ரன்னிங் ஒயர்) சுற்றிக் கொண்டுவருவது, மேல் விளிம்பில் மீந்த நுனிகளை உள்பக்கமாகச் செருகி மறைப்பது, இந்த மூன்றும் அடிப்பாகத்தைத் தாண்டின பிறகுதான் வரும்.

ஒரு முடிச்சைக் கிட்டத்தில் பார்ப்போம். இரண்டு ஒயரும் ஒன்றையொன்று பிடித்து, நான்கு திசையில் நான்கு கால் நீட்டி நிற்கும். இறுக்கும்போது ஒரு காலை மட்டும் பிடித்து இழுத்தால் முடிச்சு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். எதிரெதிர்க் கால்களைச் சேர்த்து இழுக்க வேண்டும். பிறகு மற்ற இரண்டையும். சாய்ந்த முடிச்சு ஒன்று இருந்தால் அதன் அடுத்த வரிசையும் சாயும். முதல் இரண்டு வரிசையைத் தளர்வாகப் போட்டுவிட்டு, கை பழகப் பழக இறுக்கிக்கொண்டே போனால் கூடை அடியில் அகன்று மேலே குறுகும். இந்தக் கோளாறை எந்த வீடியோவும் காட்டாது. சொல்லிக்கொடுப்பவரின் கை எப்போதோ பழகிவிட்டது. ஆகவே, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒயரைப் பொறுத்தவரை, மும்பையில் தேடி அலைவதைவிட ஊருக்குப் போய் வருகிறவர்களிடம் சொல்லி அனுப்புவது லாபம். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் முறுக்கும் அல்வாவும் வரும் பையில் நாலு ரோல் ஒயரும் வரட்டும். ஒரே கூடைக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்குங்கள். அடுத்த முறை வாங்கும் பச்சை அதே பச்சையாக இருக்கும் என்று நிச்சயம் இல்லை. ரோலிலிருந்து பிரித்த ஒயர் சுருண்டுகொண்டே நிற்கும். கொஞ்ச நேரம் வெயிலில் போட்டால் மசியும்.

கூடை விற்குமா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று: மகாராஷ்டிராவில் 2018 ஜூன் 23 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை அமலுக்கு வந்தது. மாதுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காயும் வாழைத்தண்டும் வாங்கப் போகிறவர்களுக்குக் கழுவித் துடைத்துப் பல வருடம் பயன்படுத்தக்கூடிய கூடை என்றால் மதிப்பு உண்டு.

கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத வேலைகள்

குரோஷாவும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒயர் கூடை போலத்தான். எல்லாம் வெளியே தெரியும். தெரியாதது, இடது சுட்டுவிரலில் நூல் எவ்வளவு இறுக்கமாக ஓடுகிறது என்பது. அதற்கு வீடியோவால் பதில் சொல்ல முடியாது, நான்கு அங்குலத் துண்டு ஒன்றைப் பின்னி அளந்து பார்ப்பதுதான் வழி. இன்னொரு சிக்கல், அமெரிக்க முறையில் 'சிங்கிள் குரோஷே' என்று சொல்வதையே பிரிட்டிஷ் முறையில் 'டபுள் குரோஷே' என்பார்கள். இரண்டு சேனலை மாறி மாறிப் பார்த்துப் பின்னினால் ஒரே டிசைன் இரண்டு உயரத்தில் வரும். ஒருவரையே பின்பற்றுங்கள்.

குரோஷாவுக்கு நம் ஆட்களிடமே கேட்டுப் பார்க்கலாம். தாராவித் தமிழர்களில் பெரும்பகுதியினரின் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. அங்கே இடையன்குடியில், மிஷனரி ராபர்ட் கால்டுவெல்லை 1844இல் மணந்து வந்த எலிசா, பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய தாய் மார்த்தா மால்ட் அதற்கு முன்பே நாகர்கோவிலில் தொடங்கி வைத்த வேலை அது. அந்தப் பக்கத்து ஆச்சிமார் யாராவது உங்கள் கல்லியில் இருந்தால், பின்னிய துண்டை எடுத்துப்போய்க் காட்டுங்கள். கண்ணாடி இல்லாமல் விரலால் தடவிப் பார்த்தே எந்த வரிசையில் கண் விட்டுப்போயிற்று என்று சொல்லிவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தஞ்சாவூர் ஓவியம் வேறு மாதிரி ஏமாற்றும். கை முழுதாகத் தெரியும், நேரம்தான் தெரியாது. பலகையில் துணி ஒட்டுவது, அதன் மேல் சுண்ணப்பூச்சு, தேய்த்து வழவழப்பாக்குவது, கோடு, கல் பதிப்பது, மக்கு வைத்து மேடாக்குவது, தங்கத் தாள் ஒட்டுவது, கடைசியில் வண்ணம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் காய வேண்டும். இருபது நிமிட வீடியோவில் அந்தக் காயும் நேரமெல்லாம் வெட்டி எறியப்பட்டிருக்கும். வெயில் சுட்டெரிக்கும் தஞ்சாவூரில் ஒரு பகலில் காய்வது, ஜூலை மாதச் செம்பூரில் மூன்று நாளானாலும் பிசுபிசுவென்றே இருக்கும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. சுவர் வியர்க்கும் அறையில் மக்கு வைத்தால் மேலே ஆடை கட்டி உள்ளே ஈரமாக இருக்கும். அதன் மேல் தங்கத் தாளை ஒட்டினால் பிறகு வெடிக்கும். இந்த வேலையை அக்டோபருக்குப் பிறகு தொடங்குங்கள். மழைக்காலத்துக்குக் கூடையும் குரோஷாவும். குவில்லிங் தாள், பேப்பர் நகை எல்லாவற்றையும் இதே ஈரத்திலிருந்து காக்க: காற்றுப் புகாத டப்பா, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம்.

டெரகோட்டா நகைக்கு வருவோம். மண்ணை உருட்டுவது, அச்சில் அழுத்துவது, வண்ணம் தீட்டுவது வரை வீடியோவில் கற்கலாம். சுடுவதுதான் பிரச்சினை. பானைக்குள் உமியும் மரத்தூளும் போட்டு வீட்டிலேயே சுடுவதைக் காட்டும் வீடியோக்கள் ஏராளம். அவை பின்கட்டும் மொட்டை மாடியும் உள்ள வீடுகளில் எடுத்தவை. ஒண்டுக் குடித்தன சாலிலோ கோலியிலோ அதைச் செய்யவே செய்யாதீர்கள். ஜன்னல் ஒன்று, சிலிண்டர் பக்கத்தில், மேலே அட்டாலி. புகையும் ஆபத்து, தீயும் ஆபத்து. சுடாத களிமண் என்று விற்கும் காற்றில் உலரும் வகையை வாங்கிப் பழகுங்கள். உண்மையான மண் வேலைதான் வேண்டும் என்றால் போனை மூடிவிட்டுத் தாராவி 90 அடி சாலைக்கு நடந்து போங்கள். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் கும்பார்வாடா அங்கே இருக்கிறது. முற்றத்தில் பொதுச் சூளைகள், வரிசையாகக் காயும் அகல் விளக்குகள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. அப்போது போய் நிற்காதீர்கள். பொங்கல் கழித்துப் போனால் பேசுவார்கள். சக்கரத்தில் மண் எப்போது கைக்கு அடங்குகிறது என்பது விரலுக்கு மட்டும் தெரிகிற விஷயம். அதை எந்த வீடியோவும் கற்றுத்தராது என்பது என் முடிவான கருத்து.

தோல் வேலைக்கும் ஏறக்குறைய இதுதான். தாராவியின் தோல் தொழிலே தமிழகத்திலிருந்து வந்த தோல் வியாபாரிகளும் தொழிலாளிகளும் வளர்த்தது. பாந்த்ராவில் இருந்த இறைச்சிக் கூடம் 1971இல் தேவ்னாருக்கு மாறியது, பதனிடும் இடங்கள் குறைந்தன. பை, பர்ஸ், பெல்ட் தைக்கும் பட்டறைகள் நிலைத்தன. சயான் பாந்த்ரா லிங்க் ரோடு கடைகளில் விற்பவற்றில் பல பின்னாலிருக்கும் சந்துகளில் தைத்தவை. வெட்டுத் துண்டு கொஞ்சம் விலைக்குக் கேட்டு வாங்கி, சாவிக்கொத்து, கார்டு உறை என்று சின்னதாகத் தொடங்கலாம். கத்தி பிடிப்பதை மட்டும் நேரில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வீடியோவை எப்படிப் பார்ப்பது

முதல் தடவை கையில் எதையும் எடுக்காமல் முழுதாகப் பாருங்கள். இரண்டாவது தடவை வேகத்தைக் குறையுங்கள். யூடியூபில் பல்சக்கரக் குறியைத் தொட்டால் 0.25 மடங்கு வரை குறைக்கலாம், 0.5 போதும், அதற்கும் கீழே போனால் பேச்சு குழறும். கணினி இருந்தால் இன்னும் வசதி: வீடியோவை நிறுத்திவிட்டுக் கீபோர்டில் முற்றுப்புள்ளிப் பொத்தானை அழுத்த அழுத்தப் படம் ஒவ்வொரு கட்டமாக முன்னால் நகரும், காற்புள்ளி பின்னால் கொண்டுபோகும். ஊசி திரும்பும் அந்தக் கணத்தைப் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆரி ஊசி உள்ளே போனதும் அரைச் சுற்றுத் திரும்புகிறது, வழவழப்பான முதுகுப் பக்கம் துணியில் அழுந்தியபடி மேலே வருகிறது, அதனால்தான் கொக்கி துணியில் மாட்டுவதில்லை. சாதாரண வேகத்தில் இது கண்ணில் படாது. உங்கள் ஊசி ஒவ்வொரு தடவையும் துணியைப் பிடித்து இழுக்கிறதென்றால் காரணம் அநேகமாக இதுவே. திருகாணி உள்ள பிடியாக இருந்தால், திருகாணியும் கொக்கியின் வாயும் ஒரே பக்கம் இருக்கும்படி ஊசியை மாட்டுங்கள். துணிக்குள் போன கொக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைத் திருகாணி சொல்லிவிடும்.

இடது கைக்காரர்கள் திணறுவார்கள். போனை ஒரு கண்ணாடிக்கு எதிரே நிறுத்திக் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பாருங்கள். சொல்லிக்கொடுப்பவரும் இடது கைக்காரர் ஆகிவிடுவார்.

வீட்டுக்கு ஒரே ஸ்மார்ட்போன், அதுவும் மாலையில் பிள்ளையின் டியூஷனுக்கு என்ற நிலை நம்மில் பலருக்கு உண்டு. காலையில் குழாயில் தண்ணீர் வந்து, டப்பா கட்டி அனுப்பி, பாத்திரம் கழுவி முடியும்வரை மூச்சு விட நேரம் இருக்காது. பகல் இரண்டு மணிக்கு மேல் நாலுக்குள் கிடைக்கும் நேரம்தான் உங்கள் வகுப்பு. வைஃபை கிடைக்கும் இடத்தில் வீடியோவை டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டால் அந்த நேரத்தில் நெட் இழுத்தடிக்காது. ஜன்னல் இல்லாத அறையில் டியூப் லைட்டுக்கு முதுகைக் காட்டி உட்காராதீர்கள், உங்கள் நிழலே துணியில் விழும். வலது கைக்காரர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும்.

ஒரு யோசனை, இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை, செய்து பார்த்தால் பலன் தெரியும்: போனைப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் உங்கள் கையைப் படம் எடுக்கவும் பயன்படுத்துங்கள். ஆரிச் சட்டத்தை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, போனைத் தரையில் மல்லாக்க வைத்து, முன் கேமராவை ஓடவிடுங்கள். பக்கத்தில் ஒரு டார்ச். இப்போது அந்த மறைந்திருந்த கை முழுதாகத் தெரியும். நூல் விரலில் எப்படி ஓடுகிறது, கொக்கியில் விழாமல் எங்கே நழுவுகிறது என்று நீங்களே பார்க்கலாம், ஆசிரியருக்கும் அனுப்பலாம்.

காட்டுவதற்கு ஒரு கண்

1959இல் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளம் எப்படி நடக்கிறது என்று கவனியுங்கள். பிசைந்த மாவை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் தேய்க்கிறார்கள்; காய்ந்த அப்பளத்தை மறுநாள் கிளைக்குக் கொண்டுவருகிறார்கள்; அங்கே தரம் பார்த்துத்தான் எடுத்துக்கொள்வார்கள். வேலை வீட்டில் நடக்கிறது, தரம் பார்ப்பது வெளியே ஒருவர். வீடியோவில் கற்கிறவர்களுக்கும் இப்படி வாரம் ஒரு தடவையாவது வெளியிலிருந்து ஒருவர் பார்க்க வேண்டும்.

ஆரிக்கு உங்கள் பிளவுஸ் தைக்கும் டெய்லரிடம் பேச்சுக் கொடுங்கள். தாராவியில் ஜரிக் கார்கானாக்கள் இருக்கின்றன. பீகார், உத்தரப் பிரதேசம், வங்காளத்திலிருந்து வந்த காரிகர்கள் பெரிய அட்டா என்னும் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து வேலை செய்வார்கள். நம் டெய்லர்கள் பலர் வேலையை அங்கேதான் கொடுத்து வாங்குகிறார்கள். டெய்லர் மூலமாகப் போனால் கதவு திறக்கும். அவர்களுக்குத் துண்டுக் கணக்கில் கூலி. ஒரு மணி நேரம் உங்களோடு பேசினால் அவ்வளவு வருமானம் போச்சு. ஆகவே "பையா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று இலவசமாகக் கேட்காமல், ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் கற்றுக்கொள்ளும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போங்கள், செலவும் பங்காகும்.

போனதும் அவர் என்ன செய்வார் என்று கவனித்தால் அதுவே ஒரு பாடம். முன்பக்கத்தை ஒரு பார்வைதான் பார்ப்பார். உடனே சட்டத்தைப் புரட்டிப் பின்பக்கம் பார்ப்பார். அங்கே நூல் சீராகப் போயிருக்கிறதா, எங்கே தாவியிருக்கிறது, எங்கே பிசிறு நிற்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு ஒரு வரிசையின் கடைசி நூலைப் பிடித்து லேசாக இழுப்பார். சங்கிலித் தையலின் முடிவில் பூட்டுப் போடாவிட்டால் ஒரே இழுப்பில் வரிசை முழுவதும் பிரிந்து கையோடு வந்துவிடும். அந்த இழுப்பை வீட்டிலேயே நீங்கள் செய்துவிட்டுப் போங்கள். வாட்ஸ்அப்பில் ஆசிரியருக்குப் படம் அனுப்பும்போதும் பின்பக்கப் படத்தைக் கட்டாயம் அனுப்புங்கள். முன்பக்கத்தை மட்டும் பார்த்து 'சூப்பர் மா' என்று பதில் போடுகிறவர் உங்களுக்கு உதவப்போவதில்லை.

கொலுவையும் விடாதீர்கள். நவராத்திரியில் மாதுங்காவிலும் செட்டா நகரிலும் வீட்டுக்கு வீடு கொலு. சுண்டல் வாங்கப் போகிற இடத்தில் படியில் இருக்கும் மணி வேலை, ஒயர் பொம்மை, பட்டுநூல் அலங்காரம் எல்லாம் யார் செய்தது என்று கேளுங்கள். "மாமி, இது நீங்களே பண்ணினதா?" என்று கேட்டால் போதும், மீதியை மாமி பார்த்துக்கொள்வார்.

காசு கொடுத்துச் சேரும் வகுப்பு

இலவச வீடியோவிலேயே அடிப்படை எல்லாம் கிடைக்கும்போது காசு எதற்கு? உங்கள் கையை ஒருவர் பார்ப்பதற்கு. பதிவு செய்த வீடியோக்களை மட்டும் அனுப்பிவிட்டு, சந்தேகம் கேட்டால் இரண்டு நாள் கழித்து ஒரு குரல் பதிவு வரும் வகுப்புக்குப் பணம் கொடுப்பது வீண். சேருவதற்கு முன் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: நேரலையில் எத்தனை பேர், என் கையைக் கேமராவில் பார்த்துத் திருத்துவீர்களா, விட்டுப்போன வகுப்பை எத்தனை நாள் வரை பார்க்கலாம். இருபது பேருக்கு மேல் இருந்தால் உங்கள் முறை வருவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். ஜூமில் இலவசக் கணக்கு வைத்திருப்பவர் நடத்தும் கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். 'ஒரு மணி நேர வகுப்பு' என்கிறவரிடம் அதையும் கேளுங்கள்.

சான்றிதழுக்காகச் சேராதீர்கள். பிளவுஸ் கொடுக்க வருகிறவர் கேட்பது மாதிரித் துணியைத்தான். வகுப்போடு சேர்த்து 'கிட்' வாங்கச் சொன்னால், உள்ளே என்னென்ன என்ற பட்டியலை வாங்கிக் கடை விலையோடு ஒப்பிடுங்கள்.

வேறொரு வகைக் கூட்டம் இருக்கிறது. 'வீட்டிலிருந்தே மணி கோத்துச் சம்பாதிக்கலாம், செய்த பொருளை நாங்களே வாங்கிக்கொள்கிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்' என்பார்கள். பொருள் வரும், செய்து அனுப்பினால் தரம் சரியில்லை என்று திருப்புவார்கள், அல்லது போனையே எடுக்க மாட்டார்கள். வேலை கொடுக்கிறவர் நமக்குக் கூலி தருவார். நம்மிடம் காசு கேட்க மாட்டார். பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவு தூரம் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. வகுப்பு நடத்தாமல் கட்டணத்தைத் திருப்பித் தர மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

பொருள் வாங்க

மணி, லேஸ், பசை, தாள், அலங்காரப் பொருள் எல்லாவற்றுக்கும் அப்துல் ரகுமான் தெரு. செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் வந்தாலும், சயான், மாதுங்காவிலிருந்து சென்ட்ரல் ஸ்லோ வண்டியில் வந்தாலும் மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். துணிக்கு அதற்குப் பக்கத்திலேயே மங்கள்தாஸ் மார்க்கெட், இன்னும் உள்ளே போனால் மணிக்கும் கவரிங் சாமான்களுக்கும் புலேஷ்வர். ஞாயிற்றுக்கிழமை போய் ஏமாறாதீர்கள், மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். தமிழ் வீடியோவில் சமிக்கி, சுகர் பீட்ஸ் என்று சொல்வதைக் கடையில் வேறு பெயரில் வைத்திருப்பார்கள். வீடியோவில் அந்தப் பொருள் தெரியும் இடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவது சுலபம். மொத்த விலையில் கிடைக்கிறதே என்று முதல் பயணத்திலேயே கிலோ கணக்கில் வாங்கிவிடாதீர்கள். ஒரு வேலைக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, அதை முடித்துவிட்டு, அடுத்ததற்குப் போங்கள்.

விற்கத் தொடங்கினால்

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடக்கிறது. ஆதாரும் பானும் இருந்தால் அரசுத் தளத்தில் இலவசமாகவே பதியலாம். அதற்குக் கட்டணம் கேட்கும் தளங்கள் அரசுடையவை அல்ல. 2023 செப்டம்பர் 17இல் தொடங்கிய, கைவினைஞர்களுக்கான பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தையல், மாலை கட்டுதல், கூடை பாய் முடைதல், பாரம்பரியப் பொம்மை செய்தல் ஆகியவை இருக்கின்றன; ஆரியும் குரோஷாவும் பெயர் சொல்லி இல்லை. தகுதி உள்ளவர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் நாளுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000 ரூபாய் வரை. குடும்பத்தில் ஒருவருக்குத்தான். பொதுச் சேவை மையத்தில் பதியலாம். ஆன்லைன் தளங்களில் விற்க ஜி.எஸ்.டி. எண் கட்டாயம் என்ற தடை 2023 அக்டோபர் 1 முதல் சிறிய விற்பனையாளர்களுக்குத் தளர்ந்திருக்கிறது, ஆனால் விற்பது மாநிலத்துக்குள் மட்டுமாக இருக்க வேண்டும்.

விலை வைக்கும்போது பொருள் செலவோடு நேரத்தையும் கணக்கில் எடுங்கள். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் "நமக்குள்ள என்ன கணக்கு" என்பார்கள். முதல் வேலையைச் சும்மா செய்துகொடுத்தால் இரண்டாவதற்கும் அதே விலைதான் என்று நினைப்பார்கள். தள்ளுபடி கொடுங்கள், இலவசம் வேண்டாம்.

ஆர்டர் பிளவுஸ் எடுக்கிறவர்கள், துணி கைக்கு வந்ததும் முன்னும் பின்னும் படம் எடுத்துக் கொடுத்தவருக்கே அனுப்பிவிடுங்கள், ஏற்கெனவே இருக்கும் கறையும் கிழிசலும் பதிவாகட்டும். வெட்டாத துணியில்தான் ஆரி போட வேண்டும். கழுத்து, கைக் கோட்டை டெய்லரே வரைந்து கொடுக்கட்டும், நீங்கள் உத்தேசமாக வரையாதீர்கள். பொருள் செலவாவது முன்பணமாக வர வேண்டும். தீபாவளி, மார்கழி கழிந்த கல்யாண சீசன் இரண்டுக்கும் ஒரு கடைசித் தேதி வைத்து அதற்குப் பிறகு வருவதை வாங்காதீர்கள், யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும். துணி இன்னும் டெய்லரிடம் போய்த் தைத்து வர வேண்டும் என்பதால், நீங்கள் சொல்லும் தேதி விசேஷத்துக்குப் பதினைந்து நாள் முன்னதாக இருக்கட்டும்.